எண்ணெய்க்குள் ஆடிய நிறை

கணிதத்தில் சாதாரண தரப் பரீட்சைக்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியாது. அதிலும் எனக்குக் கிடைத்தது சி சித்திதான். ஆனாலும் பல்கலைக்கழகத்து வகையீட்டுச் சமன்பாட்டு வினாத்தாள் ஒன்றுக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விடை எழுதியது இந்தக் கைதான். எழுதியதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. விளங்காததால்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

இதை எழுத வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் வளாகத்துப் பரீட்சைக் கிளையில் என் இடத்துக்கு வந்த பிள்ளை பேசினாள். பார்வை குறைந்த மாணவர்களுக்கு வினாத்தாளை வாசித்துக் காட்டும் கணினி ஒன்று வந்திருக்கிறதாம்.

"மிஸ், மற்றப் பேப்பரெல்லாம் வடிவா வாசிக்குது. கணக்குப் பேப்பர் எண்டா பிள்ளையளுக்கு விளங்குதில்லையாம். நீங்கள் முந்தி எப்பிடி வாசிச்சனீங்கள்?"

சொல்லத் தொடங்கினேன். எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நிறுத்திவிட்டு, "எழுதித் தாறன்" என்றேன்.

நான் எழுதுவினைஞராகச் சேர்ந்தபோது வளாகத்தில் கட்டடங்கள் சிலவே இருந்தன. தட்டச்சு, கோப்பு, பெறுபேற்றுப் பதிவு எல்லாவற்றையும் வந்த புதிதிலேயே பழகிவிட்டேன். பரீட்சை என்றால் என்னவென்று எனக்குக் கற்பித்தவர் சிரேஷ்ட உதவிப் பதிவாளராக இருந்த குலசிங்கம் சேர். மெலிந்த, நெடிய மனிதர். சத்தம் போட்டு ஏசியதை ஒருநாளும் கேட்டதில்லை. பிழை செய்தவருக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். அவ்வளவுதான். பிழை செய்தவர் தானே கண்டுபிடிக்கும்வரை நிற்பார்.

வினாத்தாள் உறையை அவர் திறப்பதைப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் எல்லாரும் அமர்ந்த பிறகு உறையை இரண்டு கையாலும் தூக்கி, நான்கு மூலையையும் ஒவ்வொன்றாகக் காட்டுவார். முன்வரிசையில் இருவரை அழைத்து, அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதென்று கையொப்பம் வாங்குவார். சின்னக் கத்தியால் குறுகிய பக்கத்தில் மட்டும் வெட்டுவார். நீளப்பக்கத்தில் வெட்டினால் தாளும் அறுந்துவிடும் என்பார். தாள்களை எண்ணும்போது எழுத்துள்ள பக்கம் கீழே இருக்கும். வினாக்களை அவர் வாசித்ததே இல்லை. ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"உறை எங்கட பொறுப்பு, யோகராணி. உள்ளுக்கு இருக்கிறது படிச்சவையின்ர. அதைப் பார்க்கப் போனா உறையைப் பார்க்க மறந்து போவம்."

எனக்கு அது சரியாகவே பட்டது. நானும் அப்படியே இருந்தேன், றிஸ்வானா வரும்வரை.

றிஸ்வானா கிண்ணியாவைச் சேர்ந்த பிள்ளை. வாப்பாவுக்கு ஒரு சின்ன அரிசி ஆலை, உம்மா தையல்காரி. உயர்தரத்தில் கணிதத்துக்கு மிக உயர்ந்த சித்தி பெற்று எங்கள் வளாகத்துக்கு வந்தவள். கண்ணில் ஏதோ பரம்பரை நோய். முதலாம் வருடத்தில் முன்வரிசையில் இருந்து கரும்பலகையைப் பார்த்தாள். இரண்டாம் வருடம் தொடங்கியபோது கரும்பலகை எந்தச் சுவரில் இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியவில்லை. வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சியிருந்தன.

அவளைக் கலைப்பீடத்துக்கு மாற்றலாம் என்று பீடக் குழுவில் சிலர் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணிதத்தைப் பார்க்காமல் எப்படிச் செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவளோ கணிதத்தில் சிறப்புப் பட்டம் செய்யவேண்டும் என்று நின்றாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வரப்போகும் வகையீட்டுச் சமன்பாட்டுப் பரீட்சையை அவள் எழுதட்டும். அதில் பி சித்தியோ அதற்கு மேலோ எடுத்தால் கணிதத்தில் தொடரலாம். இல்லையென்றால் மாறவேண்டும்.

எழுதமுடியாத பரீட்சார்த்திக்கு வாசிக்கவும் எழுதவும் ஒருவரைக் கொடுக்க விதி இருக்கிறது. அந்த ஒருவருக்குப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்பதும் விதி. குலசிங்கம் சேர் என்னைத் தன் மேசைக்கு அழைத்தார்.

"உங்களுக்குக் கணக்கு எவ்வளவு தெரியும்?"

"சாதாரண தரத்தில சி, சேர்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு சந்தைக் கணக்குத்தான்."

"நல்லது," என்றார். என் வாழ்க்கையில் கணிதம் தெரியாததற்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

பரீட்சைக்கு முன் பல மாதம், மதிய இடைவேளைகளில் நானும் றிஸ்வானாவும் நூலகத்தின் பின்னறையில் பழகினோம். பழைய வினாத்தாள்களை நான் வாசிப்பேன், அவள் சொல்லச் சொல்ல எழுதுவேன். முதல் நாளே இருவரும் தடுக்கி விழுந்தோம். "ஒன்றின் கீழ் எக்ஸ் கூட்டல் இரண்டு" என்று நான் வாசித்தேன்.

"எது கோட்டுக்குக் கீழ, மிஸ்? எக்ஸ் மட்டுமா, ரெண்டும் சேர்ந்தா?"

"ரெண்டும்தான்."

"அப்பிடி நீங்க சொல்லலயே. நீங்க சொன்னது வேற கணக்கு."

அதே எழுத்துகள்தான், ஆனால் வாயால் சொன்னால் இரண்டு வெவ்வேறு கணக்காகிவிடுகின்றன. அன்றிலிருந்து எங்களுக்கென்று ஒரு பாஷை உண்டாயிற்று. அடைப்புக்குறி திறந்தால் மேசையில் ஒரு தட்டு, மூடினால் இரண்டு. பின்னம் வந்தால் "மேல்மாடி", "கோடு", "கீழ்மாடி", "வீடு முடிஞ்சுது". அடுக்கு வந்தால் குரலை உயர்த்திச் சொல்லி, அடுக்கு முடிந்ததும் "இறங்கிட்டன்" என்பேன். கணினி செய்யத் தவறுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். அது எழுத்துகளை வாசிக்கிறது. எது எதற்குக் கீழே குடியிருக்கிறதென்று சொல்வதில்லை.

அவள் பொறுமைசாலி அல்ல. ஒருநாள் நான் ஒவ்வொரு சொல்லாக இழுத்து வாசித்துக்கொண்டிருக்க, மேசையில் கையை வைத்துவிட்டாள்.

"மிஸ், நீங்க பாவம் பார்த்து மெதுவா வாசிக்கிறீங்க. வேணாம். பாவம் பார்த்தா எனக்குக் கணக்கு நடுவில அறுந்து போகுது."

அதன் பிறகு நான் பாவம் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இருக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதிய பிறகு, "மேலயிருந்து நாலாவது வரியில ஒரு மைனஸ் இருக்குமே, அதுக்குப் பிறகு என்ன இருக்கு?" என்று கேட்பாள். பார்ப்பேன். அங்கே ஒரு மைனஸ் இருக்கும். எழுதிய எனக்கே அது ஞாபகம் இல்லை. அவளுக்குள் என்னுடையதைவிடப் பெரிய தாள் ஒன்று விரித்து வைத்திருப்பதுபோல இருந்தது.

ஒருநாள் பைக்குள்ளிருந்து தடித்த துணியொன்றை எடுத்து விரித்தாள். துணி முழுக்க அரிசியளவு சின்னச் சின்னத் தையல்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருந்தது. சக மாணவி ஒருத்தி பேனாவால் குறித்துக் கொடுக்க, உம்மா இரவல் கண்ணாடி போட்டுத் தைத்ததாம்.

"என்னண்டு தெரியாமத்தான் உம்மா தைச்சது. கண்ணை மூடிட்டுத் தடவிப் பாருங்க, மிஸ்."

கண்ணை மூடி, ஒரு மூலையில் விரலை வைத்தேன். ஒரு தையல் விரலை இடப்பக்கம் சாய்த்தது. அடுத்தது இன்னும் கொஞ்சம் சாய்த்தது. பிறகு மெல்ல மேலே. நான் விரலை நகர்த்தவில்லை. ஆற்றில் விழுந்த இலையைப் போல அது தானே ஒரு வளைவில் போயிற்று. வேறொரு இடத்தில் வைத்தேன். வேறொரு வளைவு, ஆனால் முந்தியதற்குப் பக்கத்தில், அதனோடு முட்டாமல். விரலை எடுக்க மனம் வரவில்லை.

"நீங்க நிக்கிற இடத்தில எந்தப் பக்கம் சாயணும் எண்டு மட்டும்தான் ஒவ்வொரு தையலும் சொல்லுது. பாதை முழுக்க ஒருத்தரும் வரையல்ல. ஆனா பாதை இருக்கு," என்றாள் அவள்.

பரீட்சை நாளன்று கச்சான் காற்று பலமாக வீசியது. மண்டபத்துக்கு அடுத்த சின்ன அறையில் எங்களுக்கு மேசை போட்டிருந்தது. தாள் பறக்காமல் இருக்க ஒரு கல்லும் வைத்திருந்தேன். மண்டபத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டு, மேற்பார்வைக்குக் குலசிங்கம் சேர் தானே வந்து மூலையில் கதிரை போட்டு அமர்ந்தார். ஒரேயொரு பிள்ளைக்காக உறையை உயர்த்தி, நான்கு மூலையையும் காட்டினார். காட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது போலும். பக்கத்தில் வந்து, முத்திரையை அவள் விரலால் தொட்டுப் பார்க்கச் செய்தார்.

முதல் இரண்டு வினாவும் வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாவது வினாவில் ஒரு சுருள்வில். அதில் ஒரு நிறை தொங்குகிறது, நிறை எண்ணெய்க்குள் அமிழ்ந்திருக்கிறது. இழுத்துவிட்டால் எப்படி ஆடும் என்பதற்கு ஒரு சமன்பாடு. அதைத் தீர்த்து, படம் வரைந்து, அசைவை விவரிக்கவேண்டும். வாசித்தேன். றிஸ்வானாவின் ஆள்காட்டி விரல் மேசையில் அசைந்தது, நின்றது.

"திரும்ப வாசிங்க."

வாசித்தேன்.

"வேகத்துக்கு முன்னால என்ன குறி?"

"மைனஸ்."

"வடிவாப் பாருங்க மிஸ். குறுக்குக் கோடு மட்டுமா? நெட்டுக் கோடும் இருக்கா?"

தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். "குறுக்குக் கோடு மட்டும்தான்."

பக்கத்து மண்டபத்திலிருந்து பேனாக்கள் எழுதும் சத்தம்கூடக் கேட்பதுபோல இருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. இந்த ஒரு பேப்பரில்தான் அவளுடைய படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ, பிள்ளை, என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லக்கூடாது.

"சேரிட்டச் சொல்லுங்க," என்றாள். "இந்தக் கேள்வி பிழை."

குலசிங்கம் சேர் எழுந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதற்கும் ஒரு விதி இருக்கிறது. வினாவில் பிழை என்று பரீட்சார்த்தி சொன்னால் மேற்பார்வையாளர் அதைக் குறித்துக்கொண்டு, வினா தயாரித்தவரை அழைக்கவேண்டும். பரீட்சார்த்தியும் வினா தயாரித்தவரும் ஒருவரோடு ஒருவர் நேரே பேசக்கூடாது. மேற்பார்வையாளர் ஊடாகத்தான் பேசலாம்.

வினாவைத் தயாரித்த விரிவுரையாளர் வசந்தன் வந்தார். இளம் ஆள், கெட்டிக்காரர், மாணவர்களுக்கு அவரைப் பிடிக்கும். குலசிங்கம் சேர் இருவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"மூண்டாம் வினா பிழையெண்டு பிள்ளை சொல்றா."

வசந்தன் தாளைப் பார்த்தார். "தீர்க்கலாம்தானே, சேர். தந்தபடி செய்யச் சொல்லுங்கோ. விடை வரும்."

"தந்தபடி செய்யட்டாம். விடை வருமாம்," என்று குலசிங்கம் சேர் அவள் பக்கம் திரும்பிச் சொன்னார். அவளுக்கும் வசந்தனுக்கும் இடையில் ஒரு கதிரைத் தூரம்கூட இல்லை.

"விடை வரும் எண்டு எனக்கும் தெரியும்," என்றாள் றிஸ்வானா. "சேரிட்டக் கேளுங்க, இந்த எண்ணெய் எங்க வாங்கினது எண்டு."

குலசிங்கம் சேர் ஒரு கணம் தயங்கினார். ஆனால் பரீட்சார்த்தியின் சொல்லை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை.

"எண்ணெய் எங்க வாங்கினதெண்டு கேக்கிறா."

வசந்தனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. "என்ன கதை இது?"

"எண்ணெய் நிறையைப் பிடிச்சு நிப்பாட்டணும், சேர்," என்று அவள் குலசிங்கம் சேரின் பக்கம் திரும்பியே சொன்னாள். "இந்த எண்ணெய் பிடிக்கல்ல. பின்னால நிண்டு தள்ளிவிடுது. ஒருக்கா இழுத்துவிட்டா ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதவிடப் பெரிசாகும். பாத்திரத்தை உடைச்சுட்டுப் போயிரும். அப்பிடி ஒரு எண்ணெய் உலகத்தில இல்ல."

குலசிங்கம் சேர் அதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே வசந்தன் கையை உயர்த்தினார். தாளை மறுபடி பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்து, வேறொன்று வந்தது. தன் கையாலேயே தட்டச்சு செய்த வரி அது. ஒரு குறி தவறியிருந்தது.

நேரே மண்டபத்துக்குள் போனார். மூன்றாம் வினாவில் கழித்தலைக் கூட்டலாக மாற்றும்படியும் மேலதிக நேரம் தரப்படும் என்றும் அவர் அறிவிப்பது சுவரூடாகக் கேட்டது. தொடர்ந்து ஒரு பெரிய முனகல். பலர் அந்த வினாவை முடித்து அடுத்ததில் இருந்தார்களாம். அவர்களுடைய தாள்களில் நிறை எண்ணெய்க்குள் பெரிதாகிப் பெரிதாகி ஆடிக்கொண்டிருந்தது. ஒருவரும் கையுயர்த்தவில்லை. கண்ணுள்ளவர்கள் குறியைப் பார்த்துக் கணக்கைச் செய்திருந்தார்கள். அவளுக்கோ குறியைப் பார்க்க வழியில்லை. எண்ணெயையும் நிறையையும் தனக்குள் ஆடவிட்டுப் பார்த்திருக்கிறாள்.

வசந்தன் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"சேர், பிள்ளைக்குச் சொல்லுங்கோ," என்று தொடங்கி, கொஞ்சம் நின்று, "நன்றி எண்டு சொல்லுங்கோ" என்றார்.

"நன்றியாம்," என்றார் குலசிங்கம் சேர்.

அதன் பிறகு றிஸ்வானா விடை சொன்னதை எப்படி எழுதுவது? அவளுடைய ஆள்காட்டி விரல் மேசையில் ஓடி நின்றது. பிறகு, "எழுதுங்க" என்றாள். ஒரு வரியும் திரும்ப வரவில்லை, ஒரு சொல்லும் மாறவில்லை. தட்டு, தட்டு, மேல்மாடி, கோடு, இறங்கிட்டன் என்று என் பாஷையில் எனக்கே சொன்னாள். எதிரே பிடித்திருக்கும் தாளைப் பார்த்து வாசிப்பதுபோல இருந்தது. எனக்கு மட்டும்தான் அந்தத் தாள் தெரியவில்லை.

கடைசியில் படம். அவள் சொல்லச் சொல்ல நான் வரையவேண்டும்.

"மேல தொடங்குங்க. இறங்கி, கோட்டை வெட்டி, கீழ போங்க. கீழ அவ்வளவு ஆழம் வேணாம். தொடங்கின உயரத்தில அஞ்சில ஒரு பங்கு மட்டும்தான். இப்ப திரும்பி ஏறுங்க. இதுக்கும் அஞ்சில ஒரு பங்கு. கோட்டை வெட்டுற இடங்களுக்கு நடுவில இருக்கிற தூரம் மட்டும் மாறக்கூடாது. எவ்வளவு சின்னதா ஆடினாலும் நேரம் அதேதான்."

என் பேனா இறங்கிற்று, ஏறிற்று, மறுபடி இறங்கிற்று. பின்னால் ஒரு நிழல் விழுந்தது. குலசிங்கம் சேர் கதிரையை விட்டு எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிழை செய்தவர் பக்கத்தில் போய் நிற்கும் நிற்பல்ல அது. அந்தக் கோடு சின்னதாகி, சின்னதாகி, நடுக்கோட்டோடு சேர்வதை அவர் கண்கள் பின்தொடர்ந்தன.

"அடங்குது," என்றார், தனக்குத்தானே. பிறகு போய் அமர்ந்துகொண்டார்.

அந்தப் பேப்பரில் அவளுக்கு ஏ. பீடக் குழுவில் வசந்தன் என்ன சொன்னாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் குழு கலைந்து வந்தவர்களில் ஒருவரும் கலைப்பீடத்தைப் பற்றிப் பேசவில்லை. சிறப்புப் பட்டம் முடியும்வரை அவளுடைய எல்லாக் கணிதப் பேப்பருக்கும் நானே போனேன். எல்லாம் அப்படி அமையவில்லை. அட்சரகணிதத்தில் ஒருமுறை சி எடுத்தாள். நான் ஓரிடத்தில் அவசரப்படுத்தியதால்தான் என்று என்னோடு கோபித்தாள். இல்லை, அவள்தான் அவசரப்பட்டாள் என்று நானும் விடவில்லை. இப்போது மூதூரில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். அவள் கரும்பலகையில் எழுதுவதில்லையாம். பிள்ளைகளைத்தான் எழுத வைக்கிறாளாம்.

அவளுடைய கடைசிப் பேப்பர் முடிந்த அன்று பின்னேரம் இருவரும் ஒரே பஸ்ஸில் நகரத்துக்கு வந்தோம். அவளுடைய வாப்பா மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். அவர் வரும்வரை ஓர்ஸ் ஹில் குன்றின் அடியில், உள்துறைமுகத்துக் கரையில் வள்ளங்கள் கட்டும் இடத்தில் அமர்ந்தோம். காற்று விழுந்து, தண்ணீர் அசையாமல் கிடந்தது. எத்தனையோ காலமாய்க் கேட்க வெட்கப்பட்டதை அன்று கேட்டேன்.

"பிள்ளை, இவ்வளவு நாளும் நான் உங்களுக்கு எழுதினது என்ன? வகையீட்டுச் சமன்பாடு எண்டா என்ன?"

அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். அப்போது ஒரு வள்ளம் கரையை நோக்கி வந்தது. இஞ்சின் சத்தம் சட்டென்று நின்றது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இப்ப இஞ்சினை நிப்பாட்டிட்டாங்க. அந்த வள்ளத்தைப் பாருங்க, மிஸ். வேகம் எவ்வளவோ அவ்வளவுக்குத் தண்ணி அதைப் பிடிக்கும். பிடிச்சா வேகம் குறையும். வேகம் குறைஞ்சா பிடியும் குறையும். இவ்வளவுதான் சமன்பாடு. வள்ளம் எங்க போகும் எண்டு அதில ஒரு சொல்லும் இல்ல. இந்த நிமிசம் என்ன நடக்குது எண்டு மட்டும்தான் இருக்கு. மிச்சம் முழுக்க அதுக்குள்ளயிருந்தே வரும்."

நான் ஓர்ஸ் ஹில்லிலேயே பிறந்து வளர்ந்தவள். வள்ளம் கரைக்கு வருவதை எத்தனை தரம் பார்த்திருப்பேன்! அன்றுதான் பார்த்தேன் என்று தோன்றியது. இஞ்சின் இல்லாமல், துடுப்பு இல்லாமல் அது வந்தது. வரவர மெதுவாயிற்று. மெதுவாவதும் மெதுவாயிற்று. வள்ளத்தின் முன்னணியத்தில் எழுந்த சின்ன அலை தணிந்து, ஒரு கோடாகி, பிறகு அதுவும் இல்லை.

"நிண்டிட்டா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை."

கொஞ்சம் பொறுத்து, "இப்ப?"

"இல்லைப் பிள்ளை. இன்னும் வருது. கொஞ்சம் கொஞ்சமா, கொஞ்சம் கொஞ்சமா வருது."

"நிக்காது, மிஸ்," என்றாள். அவளுடைய குரலும் தணிந்திருந்தது. "கணக்கின்படி அது ஒரு நாளும் முழுசா நிக்காது. குறைஞ்சு குறைஞ்சு போய்க்கொண்டேதான் இருக்கும்."

"அப்ப என்னண்டு நிக்கிறது?"

"ஆராவது பிடிக்கணும்."

வள்ளத்தில் இருந்தவர் எட்டி, கரையிலிருந்த இரும்புக் குற்றியைப் பிடித்தார்.